முதலில் கார், அப்புறம் கப்பல்

சத்துவாச்சாரியிலிருந்து ஒரு தங்கை எழுதிக் கேட்டிருக்கிறார். கணவருக்கு 61 வயது, இவருக்கு 56. டிசம்பரில் 28 நாள் ஒதுக்கி, நியூசிலாந்தின் வடதீவு, தென்தீவு இரண்டையும் காரில் சுற்றிவிட்டு, அங்கிருந்தே கப்பலேறி ஆஸ்திரேலியாவின் சிட்னியில் இறங்கி ஊர் திரும்பலாம் என்று யோசனை. இவருக்குக் கார் ஓட்டத் தெரியாது, கப்பலில் கால் வைத்ததே இல்லை, சுத்த சைவம். “அக்கா, நம்மால் ஆகுமா? காரை முதலில் வைப்பதா, கப்பலையா?” என்பது கேள்வி.

தாராளமாக ஆகும், தங்கச்சி. நானும் வீட்டுக்காரரும் காட்பாடி காந்தி நகரிலிருந்து இரண்டு முறை போய் வந்தோம். முதல் தடவை கார் மட்டும். நாலு வருஷம் கழித்து மறுபடி போனபோது காரும் கப்பலும். இரண்டு தடவையும் அவர் ஓட்ட, நான் பக்கத்தில் உட்கார்ந்து வழி சொன்னேன். உங்களுக்கு ஓட்டத் தெரியாதது ஒரு குறையே இல்லை. வழி பார்த்துச் சொல்ல இன்னொரு ஜோடிக் கண் அங்கே கட்டாயம் வேண்டும்.

உங்கள் திட்டத்தில் ஒன்றை மட்டும் மாற்றச் சொல்வேன். வடதீவைக் காரில் சுற்ற வேண்டாம். ஆக்லாந்தில் கிளம்பி சிட்னி போகும் கப்பல்கள் பெரும்பாலும் கிழக்குக் கரையை ஒட்டியே தெற்கே இறங்குகின்றன. டௌரங்கா, நேப்பியர், வெல்லிங்டன், பிறகு தென்தீவில் கிறைஸ்ட்சர்ச்சுக்குப் பக்கத்து லிட்டெல்டன், டனீடினுக்குப் பக்கத்து போர்ட் சால்மர்ஸ் என்று நின்று நின்று போகும். எல்லாக் கப்பலும் எல்லாத் துறைமுகத்திலும் நிற்காது, ஆனால் பாதை இதுதான். கடைசியில் தென்மேற்கு மூலையில் மலைகளுக்குள் கடல் புகுந்திருக்கும் பியோர்டுகளுக்குள் நுழைந்து வெளியே வந்து, இரண்டு நாள் டாஸ்மன் கடலைக் கடந்து சிட்னி. ஆக, கரையோர ஊர்களைக் கப்பலே காட்டிவிடுகிறது. கப்பல் போக முடியாத இடம் தென்தீவின் நடுவே இருக்கும் மலையும் ஏரியும். காரை அதற்கு மட்டும் எடுங்கள். இரண்டு தீவையும் காரில் ஓடி முடித்து, களைத்துப் போய்க் கப்பலேறி, அதே ஊர்களைத் திரும்பப் பார்ப்பதில் பணமும் உடம்பும்தான் வீணாகும்.

கார் முதலில் என்பதற்குக் காரணம் இருக்கிறது. கார்ப் பயணத்தில் தினமும் பெட்டி கட்ட வேண்டும், சமைக்க வேண்டும், சாலையைப் பார்க்க வேண்டும். உடம்பில் தெம்பு இருக்கும்போது அதை முடித்துவிடுங்கள். கப்பலில் ஒருமுறை அறைக்குள் துணியை எடுத்து வைத்தால் சிட்னி வரை பெட்டியைத் தொட வேண்டியதில்லை.

நாங்கள் இரண்டாம் தடவை போன வழியையே சொல்கிறேன். சென்னையிலிருந்து நியூசிலாந்துக்கு நேரடி விமானம் கிடையாது. சிங்கப்பூரில் மாறி கிறைஸ்ட்சர்ச்சில் இறங்கலாம். டிசம்பரில் அங்கே மணி நம்மைவிட ஏழரை மணி நேரம் முன்னால் ஓடும். இறங்கிய அன்றே காரை எடுக்காதீர்கள். ஒரு ராத்திரி ஊரில் தூங்கி எழுந்து மறுநாள் காலையில் எடுங்கள். கிறைஸ்ட்சர்ச்சில் எடுத்த காரை குவீன்ஸ்டவுனில் விட்டுவிட்டு, அங்கிருந்து விமானத்தில் ஆக்லாந்து போகலாம். டெக்கபோவில் 2 ராத்திரி, மவுண்ட் குக்கில் 2, வானாக்காவில் 2, டி அனாவில் 3, குவீன்ஸ்டவுனில் 1. கப்பல் கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பே ஆக்லாந்தில் இருந்துவிடுங்கள். விமானம் தாமதமானால் கப்பல் நமக்காகக் காத்திருக்காது.

கிறைஸ்ட்சர்ச்சை விட்டுத் தெற்கே கொஞ்ச தூரம் போனதும் ரக்காயா ஆற்றுப் பாலம் வரும். நீளம் ஒன்றே முக்கால் கிலோமீட்டர், அந்த நாட்டிலேயே நீளமான சாலைப் பாலம். நான் காரை நிறுத்தச் சொல்லி, பாலம் தாண்டி ஓரமாக இறங்கிப் பார்த்தேன். அகன்ற படுகை, சாம்பல் நிறக் கூழாங்கல், அதன் நடுவே பின்னிய சடை போல ஏழெட்டுக் கால்களாகப் பிரிந்து ஓடும் தண்ணீர். எனக்கு நம் பாலாறுதான் ஞாபகம் வந்தது. அதே அகலம், அதே வெட்டவெளி. அங்கே ஆல்ப்ஸ் என்று பெயர் வைத்திருக்கும் மலைகளின் பனியும் மழையும் வருஷம் முழுக்க அந்தப் படுகையில் இறங்குகின்றன. பாலாற்றில் தண்ணீர் வந்தால் காட்பாடிப் பாலத்தில் கூட்டம் கூடிப் பார்க்கிற ஊர்க்காரிக்கு அந்த இடத்தை விட்டுக் கிளம்ப மனசு வரவில்லை.

டெக்கபோ ஏரியின் நீலத்தைப் படத்தில் பார்த்தவர்கள் கலர் கூட்டியிருக்கிறார்கள் என்று நினைப்பார்கள். நேரில் பார்த்தாலும் அதே நிறம்தான். பனியாறுகள் பாறையை அரைத்து அரைத்து மாவாக்கிவிடுகின்றன. அந்த மாவு தண்ணீரில் அடியில் தங்காமல் மிதந்தபடியே வெயிலைச் சிதறடிப்பதால்தான் இந்தப் பால் கலந்த நீலம். ஏரிக்கு மேலே மவுண்ட் ஜான் குன்றில் கேன்டர்பரி பல்கலைக்கழகத்தின் வானாய்வகம் இருக்கிறது. ஜவ்வாது மலையில் காவலூர் ஆய்வகத்துக்குப் பிள்ளைகளோடு போய் வந்தவர்கள் நம் பக்கம் நிறையப் பேர். அங்கே பார்க்க முடியாத தெற்கு வானத்தை இங்கே பார்க்கலாம். காவலூரில் தொடுவானத்தை ஒட்டித் தட்டுப்படும் மெகல்லன் மேகங்கள் என்ற விண்மீன் மண்டலங்கள் இங்கே தலைக்கு மேலேயே நிற்கும். அந்தப் பகுதி முழுவதும் 2012 முதல் இருள்வானப் பாதுகாப்பு வட்டாரம், தெருவிளக்குகூட அடக்கமாகத்தான் எரியும். ஆனால் டிசம்பரில் ஒன்பது மணிக்கு மேல்தான் சூரியன் மறையும். நன்றாக இருட்ட பதினொன்று ஆகும், மத்தியானமே ஒரு தூக்கம் போட்டு வையுங்கள்.

மவுண்ட் குக் 3,724 மீட்டர். எவரெஸ்ட் ஏறிய ஹிலாரி அதற்குமுன் 1948-ல் ஏறிய மலை. நாம் ஏற வேண்டாம். டாஸ்மன் பனியாற்றைப் பார்க்கும் மேட்டுக்கு அரை மணி நேரத்தில் படியேறிப் போய்விடலாம். முட்டி வலி இருந்தால் பாதியில் நின்றாலும் ஏரி தெரியும். குவீன்ஸ்டவுனைப் பற்றி எல்லோரும் நிறையச் சொல்வார்கள். கூட்டமும் விலையும் அதிகம், நம் வயதுக்கு ஒரு ராத்திரி போதும்.

இப்போது ஓட்டுவது பற்றி. நம்மைப் போலவே இடது பக்கம்தான் ஓட்ட வேண்டும், ஸ்டீயரிங் வலது பக்கம். தமிழ்நாட்டு லைசென்ஸ் கார்டு ஆங்கிலத்திலேயே இருப்பதால் அது செல்லும். இருந்தாலும் கிளம்பும் முன் ஆர்.டி.ஓ. ஆபீசில் சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் வாங்கிக்கொள்ளுங்கள், வாடகைக் கார்க்காரர்கள் கேட்டால் காட்டலாம். ஆட்டோமேட்டிக் கார் எடுங்கள். பதிவு செய்யும்போதே இன்சூரன்ஸில் நம் கையிலிருந்து போகும் தொகை எவ்வளவு என்று கேட்டு, அதைக் குறைக்கும் வகையை வாங்குங்கள். எங்களுக்கு நடந்ததைச் சொல்கிறேன். புக்காக்கி ஏரிக்கரையில் நிறுத்தி நான் கதவைத் திறந்தேன். காற்று கதவைப் பிடுங்கிக்கொண்டு முன்பக்கமாக மடக்கிவிட்டது. கீல் வளைந்து, கதவு சரியாக மூடவில்லை. காற்றில் வளைந்த கதவு எங்கள் இன்சூரன்ஸில் சேராது என்று காரைத் திருப்பிக் கொடுத்தபோதுதான் தெரிந்தது. அதிலிருந்து, நிறுத்தினால் காரின் மூக்கைக் காற்றுப் பக்கம் திருப்பி நிறுத்துவோம். ஒரு கையால் கதவை இறுகப் பிடித்துக்கொண்டுதான் திறப்பேன்.

நகரத்துக்கு வெளியே 100 கிலோமீட்டர் வேகம் வரை போகலாம் என்று பலகை இருக்கும். சென்னை-வேலூர் நெடுஞ்சாலை மாதிரி நினைத்துக்கொள்ளாதீர்கள். பெரும்பாலும் போக ஒரு தடம், வர ஒரு தடம், நடுவில் கோடு மட்டும். மலைப்பாதையில் மணிக்கு 60, 65 கிலோமீட்டர் கணக்கு வைத்தால் சரியாக வரும். பின்னால் வண்டி சேர்ந்துவிட்டால் ஓரமாக ஒதுங்கி விட்டுவிடுங்கள், யாரும் ஹாரன் அடிக்க மாட்டார்கள். ஒற்றைத் தடப் பாலங்கள் நிறைய வரும். பலகையில் நம் திசை அம்பு சின்னதாகச் சிவப்பில் இருந்தால் நாம் நின்று எதிரே வருபவருக்கு வழி விட வேண்டும். பலகையைப் பார்ப்பது என் வேலை, “நில்லுங்க” என்றோ “போலாம்” என்றோ சத்தமாகச் சொல்வேன். ரவுண்டானாவில் வலது பக்கமிருந்து வருகிறவருக்கு முதல் வழி. வானாக்காவிலிருந்து குவீன்ஸ்டவுனுக்குப் போகும் கிரவுன் ரேஞ்ச் சாலையைச் சிலர் பயமுறுத்துவார்கள். உச்சி 1,076 மீட்டர், கிட்டத்தட்ட நம் ஏலகிரி உயரம். உங்கள் வீட்டுக்காரர் ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளையும் நிதானமாக ஓட்டுபவர் என்றால் இதையும் ஓட்டிவிடுவார்.

இனி மில்ஃபர்ட் சவுண்ட், நான் மேலே சொன்ன பியோர்டுகளில் ஒன்று. முழுப் பயணத்திலும் இதற்குத்தான் நான் நாளைத் தாராளமாக ஒதுக்கச் சொல்வேன். அதனால்தான் டி அனாவில் மூன்று ராத்திரி. பலர் குவீன்ஸ்டவுனிலிருந்தே போய் அன்றே திரும்புகிறார்கள். ஒரு வழிக்கே 290 கிலோமீட்டர் பக்கம், போய்த் திரும்ப எட்டு மணி நேரத்துக்கு மேல் காரிலேயே கழியும். டி அனாவிலிருந்து 120 கிலோமீட்டர்தான். டாங்கை அங்கேயே நிரப்பிக்கொண்டு, மேப்பையும் போனில் இறக்கி வைத்துக்கொண்டு கிளம்புங்கள். ஊரைத் தாண்டினால் சிக்னல் கிடையாது. காலை ஆறு மணிக்குப் புறப்பட்டால் சுற்றுலா பஸ்கள் வருவதற்குள் போய்விடலாம்.

வழியில் ஹோமர் சுரங்கம். 1935-ல் கடப்பாரையும் மண்வெட்டியுமாகத் தோண்ட ஆரம்பித்து 1954-ல்தான் வண்டி விட்டார்கள். 1.2 கிலோமீட்டர் நீளம், உள்ளே சாலை செங்குத்தாகச் சரிந்து இறங்கும், சுவர் இன்னமும் வெட்டிய பாறையாகவே ஈரம் சொட்டிக்கொண்டிருக்கும். சிக்னலுக்குக் காத்திருக்கும்போது கியா என்ற மலைக்கிளி வந்து காரின் கூரையில் உட்காரும். பச்சை உடம்பு, இறக்கைக்கு அடியில் ஆரஞ்சு. வைப்பர் ரப்பரை அலகால் இழுத்துப் பார்க்கும். அழகாக இருக்கிறதே என்று தீனி மட்டும் போடாதீர்கள், அதன் உடம்புக்கு ஆகாது.

அங்கே மழை பெய்தால் வருத்தப்படாதீர்கள். வேலூரில் வருஷம் முழுக்கப் பெய்வது 1,000 மில்லிமீட்டர் அளவு. மில்ஃபர்டில் 6,000 மில்லிமீட்டருக்கு மேல். நாங்கள் முதல் தடவை போனது வெயில் நாள். இரண்டு பெரிய அருவிகள், நிமிர்ந்து நிற்கும் மைட்டர் சிகரம், நல்ல படங்கள். இரண்டாம் தடவை விடாத மழை. படகில் ஏறிப் பத்து நிமிஷத்தில் பார்க்கிறேன், இரண்டு பக்கப் பாறைச் சுவரிலும் எண்ண முடியாத அருவிகள். முந்தின நாள் அவற்றில் ஒன்றுகூட இருந்திருக்காது. மழை நின்ற சில மணி நேரத்தில் மறைந்துவிடும். சில அருவிகள் பாதி வழியிலேயே காற்றில் கலைந்து புகையாகிவிட்டன. வீட்டுக்காரர் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து, கடைசியில் கழற்றிப் பையில் வைத்துவிட்டு வெறுங்கண்ணால் பார்த்துக்கொண்டு நின்றார். ரெயின்கோட் நல்லதாக எடுத்துப் போங்கள், அந்தக் காற்றில் குடை நிற்காது. சாண்ட்ஃபிளை என்ற சின்னக் கருப்பு ஈ கடித்தால் ஒரு வாரம் அரிக்கும், மூடிய ஷூவும் பூச்சி மருந்தும் வேண்டும்.

இதே மில்ஃபர்டுக்குக் கப்பலிலும் வரப்போகிறோமே, எதற்குக் காரில் என்று கேட்கலாம். கடல் சரியில்லை என்றால் கப்பல் பியோர்டுகளை விட்டுவிட்டு நேரே சிட்னி போய்விடும், அந்த உரிமை கேப்டனுக்கு உண்டு. மழையோ மண்சரிவோ வந்தால் சாலையையும் மூடுவார்கள். இரண்டு வழியிலும் ஒரு வாய்ப்பு வைத்துக்கொள்வது நல்லது. இரண்டும் கிடைத்தவர்களுக்கு அது இன்னும் பெரிய கொடுப்பினை. தரை வழியாகப் போனால் மலையைக் குடைந்து கடலுக்கு இறங்குகிறோம். கப்பலில் வந்தால் திறந்த கடலிலிருந்து பார்க்கும்போது வாசலே தெரியாது, வெறும் மலைச்சுவர்தான். ஆங்கிலேயக் கடலோடி கேப்டன் குக்கே இந்த வாசலைக் கவனிக்காமல் தாண்டிப் போனவர். கப்பல் மெல்லத் திரும்பும்போதுதான் சுவர் விலகி வழி திறக்கும். பக்கத்தில் டவுட்ஃபுல் சவுண்ட் இருக்கிறது. உள்ளே போனால் காற்று வெளியே வர விடுமா என்று 1770-ல் குக் சந்தேகப்பட்டு நுழையாமல் விட்டதால் வந்த பெயர் அது.

அன்றைக்கு விடியற்காலையிலேயே மேல் டெக்குக்குப் போய்விடுங்கள். கப்பல் உள்ளே போய்த் திரும்பி வருவதால் இரண்டு பக்கமும் எல்லோருக்கும் கிடைக்கும். இந்தப் பக்கக் கேபின்தான் வேண்டும் என்று கூடுதலாகப் பணம் கட்டாதீர்கள்.

கேபின் எடுக்கும்போது கீழ்த்தளத்தில், கப்பலின் நடுப்பகுதியில் கேளுங்கள். ஆட்டம் அங்கேதான் குறைவு. மேல்தளத்து பால்கனி படத்தில் அழகாக இருக்கும், ஆடும்போது அதுதான் அதிகம் ஆடும். உங்களுக்குக் கடல் பயம் என்பதால் ஜன்னல் உள்ள கேபினாக இருக்கட்டும், தொடுவானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் தலை சுற்றல் அடங்கும். நாற்பதாவது அட்சக்கோட்டுக்குத் தெற்கே மேற்குக் காற்றைத் தடுக்க நிலம் அதிகம் இல்லாததால் டாஸ்மன் கடல் ஆடத்தான் செய்யும். வாந்தி வந்தபின் மாத்திரை போட்டுப் பயனில்லை, கப்பல் திறந்த கடலுக்குப் போவதற்கு ஒரு மணி நேரம் முன்பே போட வேண்டும். எந்த மாத்திரை என்பதை உங்கள் டாக்டரிடம் இங்கேயே கேட்டு வாங்குங்கள், பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் கண்டிப்பாகக் கேட்க வேண்டும். எனக்கு இஞ்சி மரப்பா கைகொடுத்தது. வெறும் வயிற்றோடு மட்டும் இருக்காதீர்கள்.

துறைமுக நாட்களில் வெல்லிங்டனை விட்டுவிடாதீர்கள். அங்கே டி பாப்பா என்ற தேசிய அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் ஒரு தமிழ் மணி இருக்கிறது. ஒரு சாண் உயரம்கூட வராத, அடிப்பாகம் உடைந்த வெண்கல மணி. 1836 வாக்கில் கொலென்சோ என்ற மிஷனரி வடதீவில் பூர்வகுடிகளான மாவோரிப் பெண்கள் அதில் உருளைக்கிழங்கு வேகவைப்பதைப் பார்த்து, ஒரு இரும்புப் பானையைக் கொடுத்து மாற்றி வாங்கினார். புயலில் சாய்ந்த மரத்தின் வேரடியில் கிடைத்தது என்று அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். விளிம்பைச் சுற்றிப் பழைய தமிழ் எழுத்து, முகைதீன் பக்ஸ் என்பவருடைய கப்பல் மணி என்று பொருள். நம் கரையிலிருந்து போன ஏதோ ஒரு மரக்கலத்தின் மணி அந்தக் கோடிக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தது என்று இன்றுவரை யாராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. பொருட்களை மாற்றி மாற்றிக் காட்சிக்கு வைப்பார்கள், அதனால் போகும் முன் மணி வெளியே இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். வெளிநாட்டவருக்கு நுழைவுக் கட்டணம் உண்டு.

சாப்பாடு. நியூசிலாந்து மோட்டல் அறைகளில் பெரும்பாலும் சின்னச் சமையலறையே இருக்கும். அறை பிடிக்கும்போது அதைப் பார்த்துப் பிடித்தால் உங்கள் பிரச்சினை முக்கால்வாசி தீர்ந்தது. நம் வோல்டேஜ்தான், பிளக் மாற்றி மட்டும் வேண்டும், சின்ன ரைஸ் குக்கர் கொண்டு போகலாம். அரிசி, பருப்பு, தயிர் அங்கேயே கிடைக்கும். ஊரிலிருந்து பொடி, ஊறுகாய் எது கொண்டு போனாலும் பயணிகள் தர வேண்டிய அறிவிப்புப் படிவத்தில் “உணவு இருக்கிறது” என்று எழுதிவிடுங்கள். எழுதினால் பார்த்துவிட்டுத் தருவார்கள் அல்லது எடுத்துக்கொள்வார்கள், அவ்வளவுதான். எழுதாமல் விட்டு ஒரு ஆப்பிள் பிடிபட்டாலும் 400 நியூசிலாந்து டாலர் அபராதம். கறிவேப்பிலை, விதை, ஆற்காடு மக்கன் பேடா மாதிரி பால் பண்டம் எல்லாம் வேண்டவே வேண்டாம். ஷூவில் மண் ஒட்டியிருந்தாலும் கேட்பார்கள், கழுவிக் காயவைத்துப் பெட்டியில் வையுங்கள். கப்பலில் குக்கர், கெட்டில் அனுமதியில்லை, ஏறும்போதே வாங்கி வைத்துக்கொண்டு இறங்கும்போது தருவார்கள். சைவம் என்பதைப் பதிவின்போதே எழுதிக் கொடுத்து, முதல் ராத்திரி சாப்பாட்டு மேஜையில் மேற்பார்வையாளரிடம் நேரில் சொல்லுங்கள். எங்களுக்கு மறுநாள் முதல் பருப்பும் சப்பாத்தியும் தனியாக வந்தது. கப்பலில் இருந்து பழம் எதையும் பையில் போட்டுக்கொண்டு கரைக்கு இறங்காதீர்கள், அதே அபராதம்.

விசா இரண்டு வேண்டும். நியூசிலாந்துக்கு விசிட்டர் விசா. அதோடு சுற்றுலாத் தீர்வையாக 100 நியூசிலாந்து டாலரும் சேர்த்து வாங்குவார்கள். கப்பலில் வருகிறவர்களுக்கு மின்அனுமதி போதும் என்று படித்துவிட்டுச் சிலர் குழம்புகிறார்கள். அது கப்பலிலேயே அந்த நாட்டுக்குள் வருகிறவர்களுக்கு. நாம் விமானத்தில் போய் இறங்குவதால் விசாதான். சிட்னியில் ஒரே ஒரு நாள் என்றாலும் ஆஸ்திரேலிய விசா இல்லாமல் ஆக்லாந்திலேயே கப்பலில் ஏற்ற மாட்டார்கள். மாத்திரைகளைக் கவரோடு, சீட்டோடு, மூன்று மாதத்துக்கு மேற்படாமல் கொண்டு போங்கள். இன்சூரன்ஸ் வாங்கும்போது கப்பல் பயணமும் சேருமா என்று தனியாகக் கேளுங்கள், பல பாலிசிகளில் அது சேராது. நடுக்கடலில் போன் தானாகக் கப்பலின் சாட்டிலைட் நெட்வொர்க்கைப் பிடித்துப் பெரிய பில் போட்டுவிடும், கரை மறையும் முன் ஏரோப்ளேன் மோடில் போட்டுவிடுங்கள்.

துணிமணி பற்றி ஒன்று. டிசம்பர் அங்கே கோடை, ஆனாலும் ஸ்வெட்டர் வேண்டும். வெயில் நமக்குப் பழக்கம் என்று வேலூர்க்காரர்கள் தைரியமாக இருப்போம். குளிர்ந்த காற்றில் சுடுவதே தெரியாது, ஆனால் அங்கே புற ஊதாக் கதிர் மிகக் கடுமை. கத்திரியில் ஒன்றும் ஆகாத என் மூக்கு டெக்கபோவில் அரை நாளில் தோல் உரிந்துவிட்டது. தொப்பியும் சன்ஸ்கிரீனும் கைப்பையிலேயே இருக்கட்டும்.

கப்பலை முதலில் பதிவு செய்யுங்கள். அந்தத் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணிக் காரையும், அதற்கப்புறம் விமானத்தையும் பிடியுங்கள். டிசம்பர் பிற்பகுதியில் அங்கே பள்ளி விடுமுறை தொடங்கிவிடும், மவுண்ட் குக்கிலும் டி அனாவிலும் அறைகள் குறைவு, அவற்றை ஆறு மாதம் முன்பே முடித்துவிடுங்கள். சிட்னி சேருகிற அன்று ஐந்து மணிக்கு அலாரம் வைத்து, போர்வையைச் சுற்றிக்கொண்டாவது இரண்டு பேரும் மேலே போய் நில்லுங்கள். இருட்டு விலகும்போது பாலமும் ஓபரா ஹவுஸும் ஒன்றாகத் தெரிய ஆரம்பிக்கும்.